தட்டினால் வரும் முகவரி: வாசகர் கேள்வி பதில்

ஆன்லைனில் பொருள் வாங்கும்போது 627811 என்று பின்கோடு போட்டதும் மாவட்டம் 'திருநெல்வேலி' என்று தானாக விழுகிறது. மாற்றவும் விடவில்லை. எங்கள் ஊர் தனி மாவட்டமாகி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டதே! பார்சல் ஒழுங்காக வருமா?
– வாசகர், தென்காசி

வரும், கவலை வேண்டாம். பார்சலைப் பிரிக்கிறவர்கள் முதலில் பார்ப்பது அந்த ஆறு இலக்கத்தைத்தான். 1972 ஆகஸ்ட் 15-இல் பின்கோடு வந்தபோது போட்ட கணக்கு அது: முதல் மூன்று இலக்கம் அஞ்சல் பிரிக்கும் வட்டாரம், கடைசி மூன்று பட்டுவாடா செய்யும் அஞ்சலகம். 2019 நவம்பரில் தென்காசி பிரிந்தபோது பின்கோடு மாறவில்லை. அந்தக் கடைக்காரர் பழைய பட்டியல் ஒன்றை இறக்கி வைத்துக்கொண்டு அப்புறம் திரும்பிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். செங்கல்பட்டுக்காரர்களுக்குக் காஞ்சிபுரமும் மயிலாடுதுறைக்காரர்களுக்கு நாகப்பட்டினமும் இப்படித்தான் வந்து விழுகின்றன.

பட்டியல் பழசாக இருப்பதைக்கூட விட்டுவிடலாம். அந்தப் பெட்டியைப் பூட்டி வைத்திருக்கிறார்களே, அதுதான் எனக்கு ஆகாது. தானாக நிரப்பு, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் தன் ஊர் எந்த மாவட்டம் என்று அங்கே குடியிருப்பவருக்குத் தெரியாதா? திருத்த விட வேண்டும். படிவம் வரைவதே தொழிலான நான் சண்டை போடுவது பெரும்பாலும் இதற்குத்தான்.

கடலைமிட்டாய் வியாபாரம் செய்கிறேன். ஆர்டர் எடுக்க வெப்சைட் போடுகிறோம். இரண்டு எழுத்து தட்டினால் முழு முகவரியும் வருகிற மாதிரி வைக்கலாம், ஆனால் கூகுளுக்குக் கார்டு விவரம் கொடுக்க வேண்டும் என்கிறார் வெப்சைட் செய்யும் தம்பி. இலவசமாக முடியாதா?
– வாசகி, கோவில்பட்டி

முடியும். ஆனால் முதலில் காசு எங்கே போகிறது என்று பாருங்கள். வாடிக்கையாளர் ஒவ்வொரு எழுத்து தட்டும்போதும் உங்கள் பக்கம் கூகுளுக்கு ஒரு கேள்வி அனுப்புகிறது. அதனால் மூன்று எழுத்து சேரும்வரை எதுவும் அனுப்ப வேண்டாம். விரல் நின்று முந்நூறு மில்லிவினாடியாவது போகட்டும் என்று தம்பியிடம் சொல்லுங்கள். 'செஷன் டோக்கன்' போட்டிருக்கிறாரா என்றும் கேளுங்கள். தட்டத் தொடங்கியதிலிருந்து ஒரு முகவரியைத் தேர்ந்தெடுக்கும்வரை நடப்பதை ஒரே கணக்காகச் சேர்ப்பது அதுதான். அது இல்லாவிட்டால் கேள்விக்குக் கேள்வி தனித்தனியாகப் பில் ஏறும்.

இலவசம் என்றதும், பொதுமக்களே சேர்ந்து வரையும் இலவச வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் முகவரி தேடித் தரும் 'நாமினாட்டிம்' பொதுச் சர்வரைப் பலரும் மாட்டிவிடுகிறார்கள். எழுத்துக்கு எழுத்து பரிந்துரை காட்ட அதைப் பயன்படுத்தக் கூடாது என்று அதன் விதியிலேயே இருக்கிறது. அதே வரைபடத் தரவை வைத்து, தட்டத் தட்டத் தேடுவதற்கென்றே செய்தது 'ஃபோட்டான்'. அதைத் தம்பி சொந்தச் சர்வரில் போட்டுக்கொள்ளலாம்.

ஆனால் உங்களுக்கு இதெல்லாம் தேவையா என்பதே என் சந்தேகம். உங்கள் மிட்டாய் சாத்தூருக்கும் போகும், மாம்பலத்துக்கும் போகும். மாம்பலத்துக்காரர் 'பழைய எண் 14, புதிய எண் 31, இரண்டாம் மாடி, பின்பக்கம்' என்று எழுதுவார். இதில் தெரு வரைக்கும்தான் பரிந்துரைப் பட்டியல் கைகொடுக்கும். காந்தி தெரு என்று தட்டினாலோ, அது இல்லாத ஊர் ஏது? நான் செய்வதாக இருந்தால் பின்கோட்டை முதலில் கேட்பேன். அரசின் திறந்த தரவுத் தளத்தில் பின்கோடு அடைவு சும்மாவே கிடைக்கிறது. அதை வைத்து மாநிலம், மாவட்டம் நிரப்பி, அந்த எண்ணில் உள்ள அஞ்சலகங்களைக் காட்டி ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லலாம். கிராமப்புறத்தில் ஒரே எண்ணில் பத்துப் பன்னிரண்டு ஊர்கூட வரும். கதவு எண்ணும் தெருவும் அவர்கள் கையாலேயே எழுதட்டும். கீழே 'அடையாளம்' என்று ஒரு பெட்டி. டெலிவரி பையன் போன் போடாமல் வந்து சேர்வது 'பிள்ளையார் கோவில் எதிர் சந்து' என்று அதில் எழுதும் வரியால்தான்.

பட்டியலே வேண்டும் என்று முடிவெடுத்தால் மலிவான ஆண்ட்ராய்டு போனில் ஒருமுறை தட்டிப் பாருங்கள். கீபோர்டு மேலே ஏறி வந்து பாதிப் பட்டியலை மறைக்கும். மிச்சத்தின் மேல் பிரவுசர் தன் பங்குக்குச் சேமித்து வைத்த முகவரியை விரிக்கும். எதைத் தொடுவது என்று தெரியாமல் வாடிக்கையாளர் பக்கத்தையே மூடிவிட்டுப் போய்விடுவார்.

லண்டன் ஈஸ்ட்ஹாமில் இருக்கும் என் மகள் போஸ்ட்கோடு அடித்ததும் அந்தத் தெரு வீடுகள் வரிசையாக வந்துவிடுகின்றன. இங்கே ஏன் வருவதில்லை?
– வாசகர், கும்பகோணம்

அங்கே ராயல் மெயில் நாட்டின் ஏறத்தாழ மூன்று கோடி முகவரிகளையும் ஒரே கோப்பில் வைத்துத் திருத்திக்கொண்டே இருக்கிறது. மற்ற நிறுவனங்கள் அதைக் காசு கொடுத்து வாங்குகின்றன. ஒரு போஸ்ட்கோடுக்குச் சராசரி பதினைந்து வீடுதான், ஆகவே வரிசையாகக் காட்டிவிட முடிகிறது. நம்முடைய பின்கோடு நாடு முழுவதற்குமே சுமார் 19,000தான். கும்பகோணத்தின் ஒரு எண்ணை அடித்து வீடு வீடாகக் காட்டு என்றால் எங்கே போவது?

2025-இல் அஞ்சல் துறை டிஜிபின் என்று ஒன்று கொண்டுவந்திருக்கிறது. நாட்டையே ஏறக்குறைய நான்கு மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பத்து எழுத்துக் குறியீடு. வயல் நடுவே உள்ள வீட்டுக்கும் உண்டு என்பது நல்ல விஷயம்தான். அடுக்குமாடி என்றால் மட்டும், நாலாவது மாடிக்காரருக்கும் அவருக்கு நேர் கீழே குடியிருப்பவருக்கும் ஒரே குறியீடு. மாடியைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.