ஸ்கேன் கையெழுத்து செல்லுமா?

கேள்வி: ஒரு டீக்கடை பிராண்டின் ஃபிரான்சைஸ் எடுத்திருக்கிறேன். ஒப்பந்தத்தை மெயிலில் பிடிஎஃப்பாக அனுப்பினார்கள். பிரின்ட் எடுத்துக் கையெழுத்துப் போட்டு, ஸ்கேன் பண்ணி அனுப்பினேன். அவர்களும் அப்படியே போட்டு அனுப்பினார்கள். டெபாசிட்டும் கட்டிவிட்டேன். இப்போது பக்கத்துத் தெருவிலேயே இன்னொருவருக்குக் கடை கொடுக்கிறார்கள். கேட்டால், 'ஒரிஜினல் கையெழுத்து இல்லை, ஒப்பந்தமே செல்லாது' என்கிறார்கள். உண்மையா?
- வாசகர், ஈரோடு

பதில்: செல்லாத ஒப்பந்தத்துக்கு வாங்கிய டெபாசிட்டைத் திருப்பித் தருவீர்களா என்று முதலில் கேளுங்கள், பேச்சு மாறிவிடும்.

ஃபிரான்சைஸுக்கென்று நம் நாட்டில் தனிச் சட்டம் கிடையாது, 1872ஆம் வருட ஒப்பந்தச் சட்டம்தான். பேனாவால் போட்ட கையெழுத்து இருந்தால்தான் ஒப்பந்தம் என்று அது சொல்லவில்லை. மின்வழியில் உருவானது என்ற ஒரே காரணத்துக்காக ஒப்பந்தத்தைத் தள்ள முடியாது என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவும் சொல்கிறது. 2010இல் டிரைமெக்ஸ் - வேதாந்தா வழக்கில், மெயில் பரிமாற்றத்திலேயே ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆனால் ஸ்கேன் செய்த கையெழுத்து வெறும் படம்தான். ஆதார் ஓடிபி போட்டுச் செய்கிற இ-சைன், பென்டிரைவ் மாதிரியான யுஎஸ்பி டோக்கனில் வரும் டிஜிட்டல் கையொப்பம், இவற்றைத்தான் சட்டம் மின் கையொப்பமாக ஏற்கிறது. படமாக இருந்தால், 'நான் போடவில்லை' என்று எதிராளி சொல்லும்போது நிரூபிக்கிற வேலை உங்கள் தலையில் விழும். அதனால் அந்த மெயிலை அழித்துவிடாதீர்கள், பார்வர்ட் பண்ணிய பிரதி மட்டும் போதாது. டெபாசிட் போன வங்கிக் கணக்கு விவரம், சரக்கு அனுப்பியிருந்தால் அதன் பில், வாட்ஸ்அப் பேச்சு எல்லாம் சாட்சிதான். கோர்ட்டில் இவற்றைக் கொடுக்கும்போது புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி ஒரு சான்றிதழும் வேண்டும், வக்கீலிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

அப்புறம் முத்திரைத்தாள். பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். இ-சைன் போட்டாலும் முத்திரைக் கட்டணம் உண்டு. கட்டாத ஒப்பந்தம் செல்லாததாகிவிடாது, ஆனால் விடுபட்ட தொகையையும் அபராதத்தையும் கட்டும்வரை கோர்ட் அதைச் சாட்சியமாக எடுக்காது. அபராதம் பத்து மடங்குவரை போகலாம்.

சரி, நோட்டீஸ் அனுப்பும் முன் ஒப்பந்தத்தை இன்னொரு தடவை படியுங்கள். 'இரு தரப்பும் ஒரிஜினலில் கையெழுத்திட்ட பிறகே அமலுக்கு வரும்' என்று எங்காவது இருந்தால் அவர்கள் அதைத்தான் பிடித்துக்கொள்வார்கள். அப்போதும், டெபாசிட் வாங்கினார்களே என்று நீங்கள் வாதாடலாம், சரக்கும் அனுப்பியிருந்தால் அதையும் சொல்லலாம். அதைவிட முக்கியம், இத்தனை கிலோமீட்டருக்குள் வேறு கடை கொடுக்க மாட்டோம் என்ற வரி உண்டா என்பது. அது வாய்ப்பேச்சாக மட்டும் இருந்தால், ஒப்பந்தம் செல்லுபடியானாலும் பக்கத்துத் தெருக் கடையைத் தடுப்பது கஷ்டம்.