உரிமம் யார் பெயரில், பில் யார் கணக்கில்?

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் கடிதத்தை இருமுறை படித்தேன். பயோமெடிக்கல் இன்ஜினியரிங் முடித்த மகளுக்கு ஐ.டி. நிறுவனம் ஒன்றின் பணி உத்தரவு கையில் இருக்கிறது. அதே வாரத்தில் மூளை ஸ்கேன் ஆய்வகம் ஒன்றில் ஓராண்டு ஒப்பந்தத்தில் திட்ட உதவியாளர் பணியும் வந்திருக்கிறது. "லைசென்ஸ் உள்ள சாப்ட்வேரை வாடகை சர்வரில் ஓட்டுவதுதான் வேலையாம், இதற்கா நான்கு வருடம் படிக்க வைத்தேன்" என்று வருந்தியிருக்கிறீர்கள். லைசென்ஸ் என்ற சொல்லைக் கேட்டதும், நாளை ஏதேனும் சட்டச் சிக்கல் பிள்ளையின் தலையில் விழுமோ என்ற பயமும் தங்களுக்கு வந்திருக்கிறது. வருத்தம் தேவையற்றது. பயத்தில் பாதி நியாயம் இருப்பதால் அதைப் பற்றியே அதிகம் எழுதுகிறேன்.

முதலில் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். எம்.ஆர்.ஐ. கருவி தருவது வெறும் படம்தான். அதிலிருந்து மூளையின் வெளி அடுக்கான புறணியின் தடிமன் எவ்வளவு, நினைவாற்றலோடு தொடர்புடைய ஹிப்போகேம்பஸ் பகுதியின் கன அளவு எவ்வளவு என்ற எண்களைப் பிரித்தெடுக்க மென்பொருள் வேண்டும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையைச் சேர்ந்த மார்ட்டினோஸ் மையத்தில் உருவான ஃப்ரீசர்ஃபர், ஆக்ஸ்ஃபோர்டில் உருவான எஃப்.எஸ்.எல்., லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் உருவான எஸ்.பி.எம். ஆகியவை இத்துறையில் அன்றாடம் புழங்கும் பெயர்கள். ஃப்ரீசர்ஃபர் ஒரே ஒரு நபரின் ஸ்கேனை முழுமையாக அலசி முடிக்கப் பல மணி நேரம் எடுத்துக்கொள்ளும். எட்டு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், 500 பேரின் ஸ்கேன்களுக்கு 4,000 மணி நேரம் ஆகும்; ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டினால் ஐந்தரை மாதம் கழியும். கிளவுடில், அதாவது இணையம் வழியே வாடகைக்குக் கிடைக்கும் கணினிகளில், 32 வேலைகளை ஒரே நேரத்தில் ஓட்டினால் ஐந்து நாள் சொச்சத்தில் முடிந்துவிடும். சர்வரை வாடகைக்கு எடுப்பதன் காரணம் இந்தக் கணக்குத்தான். பிரிட்டனின் யுகே பயோபேங்க் போன்ற பெருந்திட்டங்களில் ஒரு லட்சம் பேரின் உடலை ஸ்கேன் செய்து முடித்திருக்கிறார்கள். அவ்வளவு தரவை ஒவ்வொரு ஆய்வகமும் தன் இடத்துக்கு இறக்கிக்கொள்வது நடைமுறையில் இயலாது என்பதால், தரவு இருக்கும் கிளவுடுக்கே மென்பொருளைக் கொண்டுசெல்லும் வழக்கம் வந்துவிட்டது. அங்கே அதை ஒழுங்காக ஓடவைக்கத் தெரிந்த ஆள் தேவைப்படுகிறார். தங்கள் மகளை அழைத்திருப்பது அந்த இடத்துக்குத்தான்.

இனி உரிமத்துக்கு வருவோம். இந்த மென்பொருள்களில் பல இலவசம். ஆனால் இலவசம் என்பதற்கு நிபந்தனை இல்லை என்று பொருளல்ல. இதைப் பிரித்தறியாமல்தான் புதிதாக வருபவர்கள் தடுக்கி விழுகிறார்கள். ஃப்ரீசர்ஃபருக்குப் பணம் கட்டத் தேவையில்லை, ஆயினும் பதிவு செய்துதான் உரிமக் கோப்பைப் பெறவேண்டும். நாலைந்து வரி கொண்ட அந்தச் சிறு கோப்பு சர்வரில் உரிய இடத்தில் இல்லாவிட்டால் மென்பொருள் வேலை செய்யாது. அதைத் துணையாகக் கொண்டு இயங்கும் எஃப்.எம்.ஆர்.ஐ.பிரெப் (ஸ்கேன் தரவை ஆய்வுக்குத் தயார்செய்யும் மென்பொருள்) போன்றவையும் அதே கோப்பைக் கேட்கும். எஃப்.எஸ்.எல். ஆய்வுக்கும் கல்விக்கும் இலவசம். வணிக நோக்கில் பயன்படுத்தினால் தனியாக உரிமம் வாங்க வேண்டும். ஆய்வகத்தில் ஓட்டிப் பழகிய அதே கட்டளையை, பிறகு ஒரு மருந்து நிறுவனத்தில் சேர்ந்து அங்கே ஓட்டினால், கட்டளை மாறாவிட்டாலும் சட்ட நிலை மாறிவிடுகிறது.

எஸ்.பி.எம். கதை இன்னும் வேடிக்கையானது. அது கட்டற்ற மென்பொருள், ஆனால் அது ஓடுவது மேட்லேப் என்ற கட்டண மென்பொருளின் மேல். பசு தானமாக வந்தது, கொட்டகைக்கு வாடகை என்பது போல. மேட்லேப் உரிமம் பல கல்லூரிகளில் உரிம சர்வர் ஒன்றின் வழியே வழங்கப்படுகிறது. ஒரே நேரத்தில் இத்தனை பேர் என்று இருக்கைகள் எண்ணி வைக்கப்பட்டிருக்கும். அந்த உரிமம் பெரும்பாலும் சர்வரின் நெட்வொர்க் அட்டைக்குரிய அடையாள எண்ணான மேக் முகவரியோடு பிணைக்கப்பட்டிருப்பதால், கிளவுடில் பழைய இயந்திரத்தை அழித்துவிட்டுப் புதியதை எழுப்பினால் முகவரி மாறி, நேற்றுவரை ஓடியது இன்று ஓடாது. இதற்கு வழி இருக்கிறது. அமேசான் கிளவுடில் நெட்வொர்க் இடைமுகத்தைத் தனியாக உருவாக்கி வைத்துக்கொண்டால், அதை ஓர் இயந்திரத்திலிருந்து கழற்றி இன்னொன்றில் மாட்டலாம். மேக் முகவரியும் அதோடு போகும். மேட்லேபையே தவிர்க்க விரும்புபவர்கள், எஸ்.பி.எம்.-இன் தனித்தியங்கும் வடிவத்தைக் மேட்லேப் இல்லாமலே அதை இயக்கும் கட்டணமில்லாத ரன்டைம் என்ற துணை மென்பொருளோடு சேர்த்து ஓட்டுகிறார்கள். அப்போது 32 இயந்திரங்களுக்கு 32 இருக்கைகள் தேவைப்படுவதில்லை. இத்தகைய நுணுக்கங்களைப் பாடத்திட்டத்தில் நான் பார்த்ததில்லை, ஆனால் ஆய்வகங்கள் ஆளைத் தேடுவது இவற்றுக்காகவே.

மகளிடம் இப்போதே சொல்லிவையுங்கள்: கல்லூரியில் பெற்ற மாணவர் உரிமத்தைப் பணியிடத்துக்குக் கொண்டுசெல்லக் கூடாது. மேலும், தன் பெயரில் பதிவு செய்து பெற்ற உரிமக் கோப்பை டாக்கர் பிம்பத்துக்குள் (மென்பொருளை எந்தக் கணினியிலும் ஓடும்படி கட்டிவைக்கும் பொட்டலம்) வைத்து எல்லோரும் எடுக்கும்படி வெளியிடக் கூடாது. மென்பொருளைப் பொட்டலமாகக் கட்டலாம். சாவியை, அதாவது உரிமக் கோப்பை, தனியே வைத்து, ஓட்டும் நேரத்தில் மட்டும் காட்ட வேண்டும்.

தாங்கள் கேட்க மறந்த கேள்வி பில் பற்றியது. எனக்கு உரிமத்தைவிட இதுதான் பெரிய கவலை. கிளவுட் கணக்கைத் தொடங்கக் கிரெடிட் கார்டு கேட்பார்கள். "இப்போதைக்கு உன் கார்டைப் போடு, பிறகு திருப்பித் தருகிறோம்" என்று ஆய்வகத்தில் யாரேனும் சொன்னால் மகள் பணிவாக மறுத்துவிட வேண்டும். என்னிடம் ஆலோசனைக்கு வந்த மாணவர் ஒருவர், பொங்கல் விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது நான்கு பெரிய இயந்திரங்களை அணைக்காமல் போய், திரும்பி வந்தபோது தன் இரண்டு மாத உதவித்தொகையைவிடப் பெரிய பில்லைப் பார்த்தார். அணைத்து வைத்தாலும் வட்டில் சேமித்த தரவுக்கு வாடகை ஓடிக்கொண்டே இருக்கும் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. மலிவாகக் கிடைக்கும் ஸ்பாட் இயந்திரங்களை அமேசான் இரண்டே நிமிட முன்னறிவிப்பில் திரும்ப எடுத்துக்கொள்ளும். எட்டு மணி நேர வேலை ஏழாவது மணியில் அறுந்தால் செலவும் உழைப்பும் வீண். செலவு வரம்பைத் தாண்டும்போது எச்சரிக்கை வரும்படி முதல் நாளே அமைத்துவிட வேண்டும்.

இவ்வளவும் வெறுமனே மென்பொருளை ஓட்டும் வேலை என்று தோன்றலாம். அப்படியல்ல என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: ஒரே ஸ்கேனை ஃப்ரீசர்ஃபரின் வெவ்வேறு பதிப்புகளில், வெவ்வேறு கணினிகளில் ஓட்டினால் கன அளவும் தடிமனும் மாறி வருகின்றன என்று 2012-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை காட்டியது. ஆகவே ஆய்வின் நடுவில் பதிப்பை மாற்றிவிட்டால், நோயால் வந்த வேறுபாடா, மென்பொருளால் வந்த வேறுபாடா என்று பிரிக்க முடியாது. அதைக் கவனித்துத் தடுப்பவர் ஆய்வில் பங்காளி. எம்.ஆர்.ஐ. படத்திலிருந்து ஒருவரின் முகத்தையே மீட்டெடுக்க முடியும் என்பதால், சர்வருக்கு ஏற்றுமுன் முகப்பகுதியை நீக்குவதும் அவர் பொறுப்பில்தான் வரும்.

எனவே என் கருத்து: ஐ.டி. நிறுவனச் சம்பளம் முதல் ஆண்டில் கூடுதலாகவே இருக்கும், அதை மறைக்க மாட்டேன். வீட்டுக்கடனோ கல்விக்கடனோ கழுத்தை நெரிக்குமானால் அங்கே அனுப்புங்கள், அதில் தவறில்லை. அந்த நெருக்கடி இல்லையென்றால் ஆய்வகப் பணியை ஏற்கலாம். லினக்ஸ், பைத்தான், டாக்கர் ஆகியவற்றோடு இந்த அனுபவமும் சேர்ந்தால், மனேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையம், பெங்களூருவில் உள்ள மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸ் போன்ற இடங்களில் முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிக்கும்போது பேசுவதற்கு விஷயம் இருக்கும். பொறியியல் முதுநிலைப் படிப்புக்கான கேட் (GATE) தேர்வில் 2020 முதல் பயோமெடிக்கலுக்குத் தனித்தாள் இருப்பதால், அந்த ஓராண்டில் அதையும் எழுதிவிடலாம். ஆய்வு சலித்துப்போனால் கிளவுட் திறன் ஐ.டி. துறையிலும் செல்லுபடியாகும், ஐ.டி.யிலிருந்து இங்கே திரும்பி வருவதுதான் கடினம்.

ஏற்பதற்கு முன் மகள் ஆய்வகத் தலைவருக்கு மின்னஞ்சல் அனுப்பி மூன்று செய்திகளை எழுத்தில் பெறட்டும்: எந்தெந்த மென்பொருளுக்கு உரிமம் யார் பெயரில் உள்ளது, கிளவுட் கணக்கு எந்த நிறுவனத்தின் பெயரில் உள்ளது, ஸ்கேன் தரவை ஏற்ற நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இருக்கிறதா. தொலைபேசியில் வாய்மொழியாகச் சொன்னால் போதாது. பதில் வந்ததும், ஐ.டி. நிறுவனத்துக்குச் சம்மதம் தெரிவிக்க வேண்டிய தேதிக்கு இரண்டு நாள் முன்னதாக, அதை எனக்கும் அனுப்பிவையுங்கள். படித்துவிட்டுத் தங்களையும் மகளையும் ஒன்றாக அழைத்துப் பேசுகிறேன்.