டெக்சாஸ் பொதுக்காட்டில் வில்வேட்டை: மான், பன்றி பற்றிய கேள்வி பதில்

ஹூஸ்டனுக்கு வடக்கே சுமார் 50 மைல் தள்ளி இருக்கும் சாம் ஹூஸ்டன் தேசிய வனத்துக்குப் பதினொரு பருவமாக வில்லோடு போய் வருகிறேன். பண்ணையை லீசுக்கு எடுத்து வேட்டையாடியதே இல்லை. எனக்குக் கிடைத்த மானும் பன்றியும் எல்லாம் பொதுநிலத்தில், அதாவது அனுமதி வாங்கிய யாரும் போகக்கூடிய நிலத்தில் கிடைத்தவைதான். நம் ஆட்களில் நிறையப் பேர் இதைப்பற்றி விசாரிப்பதால், கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்தவற்றுக்கு என் அனுபவத்தில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேட்டி நகரிலிருந்து: அண்ணா, நான் எச்1பி விசாவில் இருக்கிறேன். துப்பாக்கி வாங்கத் தயக்கம். வில்லோடு வேட்டைக்குப் போகலாமா? எவ்வளவு செலவாகும்?

தாராளமாகப் போகலாம் தம்பி. கூட்டரசுச் சட்டப்படி வில் துப்பாக்கி வகையில் வராது. டெக்சாஸில் தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் வசித்திருந்தால் உள்ளூர்வாசிக்கான கட்டணம்தான். வேட்டை லைசன்ஸ் 25 டாலர், வில்வேட்டைக்கான கூடுதல் அனுமதி 7 டாலர், பொதுநில வேட்டைக்கான ஆண்டு அனுமதி 48 டாலர். ஆக மொத்தம் 80. இதுவே வெளிமாநிலத்தவர் என்றால் லைசன்ஸ் மட்டும் 315 டாலர். எந்த மாதத்தில் வாங்கினாலும் ஆகஸ்ட் 31-ஓடு காலாவதி ஆகிவிடும், அதனால் செப்டம்பரில் வாங்குவதுதான் கணக்கு. 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைக்கல்வி வகுப்பையும் முடித்திருக்க வேண்டும்.

வில் வாங்கும்போது விலைக்குள்ளேயே 11 சதவீத வரி இருக்கிறது. துப்பாக்கிக்கு 1937-இல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டம், 1972-இல் வில்லுக்கும் நீட்டப்பட்டது. அந்தப் பணம் மாநிலங்களின் வனவிலங்குப் பணிக்குப் போகிறது. எனக்கு அந்த வரியைக் கட்டுவதில் மனக்குறை இல்லை.

சுகர்லேண்டிலிருந்து: டெக்சாஸில் நிலமெல்லாம் தனியாருடையது, பொதுநிலத்தில் மானே இருக்காது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். உண்மையா?

பாதி உண்மை. மாநிலத்தில் சுமார் 95 சதவீத நிலம் தனியாருடையதுதான். ஆனால் கிழக்கே சாம் ஹூஸ்டன், டேவி கிராக்கெட், ஏஞ்சலினா, சபைன் என்று நான்கு தேசிய வனங்கள் இருக்கின்றன. சாம் ஹூஸ்டன் மட்டுமே சுமார் 1,63,000 ஏக்கர். மான் இருக்கிறது. நீங்கள் சொன்ன இடத்துக்கு வராது, அவ்வளவுதான்.

தனியார் பண்ணையில் மக்காச்சோளம் கொட்டும் எந்திரத்தை மாட்டிவிட்டு எதிரே உட்காரலாம், அது சட்டப்படி சரி. இந்தப் பொதுக்காடுகளில் இரை போடவே கூடாது. அதனால் மான் தானாக எதைத் தின்கிறது என்று நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். அக்டோபரில் அது ஓக் மரத்தின் கொட்டை. ஓக்கில் வெள்ளை இனம், சிவப்பு இனம் என இரண்டு. வெள்ளை இனத்தின் கொட்டை ஒரே ஆண்டில் முற்றும், துவர்ப்பு குறைவு. சிவப்பு இனத்துக்கு இரண்டு ஆண்டு, துவர்ப்பும் அதிகம். இரண்டும் கிடக்கும் இடத்தில் மான் முதலில் வெள்ளை ஓக்கடிக்குத்தான் வரும். இலை நுனி உருண்டிருந்தால் வெள்ளை இனம், நுனியில் முள் மாதிரி கூர் இருந்தால் சிவப்பு இனம். ஊசியிலைப் பைன் காட்டுக்குள் ஓடையை ஒட்டி நாலைந்து வெள்ளை ஓக் நின்றால், அடியில் குனிந்து சருகை விலக்கிப் பாருங்கள். கடித்துத் துப்பிய கொட்டை ஓடு, பளபளப்பு காயாத கரும் புழுக்கை இரண்டும் இருந்தால் அன்று மாலையே அங்கே உட்கார வேண்டும். அடுத்த வாரம் என்று தள்ளினால் கொட்டையும் தீர்ந்திருக்கும், மானும் வேறு மரத்துக்குப் போயிருக்கும்.

இன்னொன்று. பெரும்பாலானவர்கள் வண்டியை நிறுத்திய இடத்திலிருந்து அரை மைலுக்கு மேல் நடப்பதில்லை. முட்டளவு தண்ணீர் ஓடும் ஓடையைத் தாண்டிவிட்டால் ஆள் நடமாட்டம் சட்டென்று குறைந்துவிடும்.

ஆஸ்டினிலிருந்து: வாசனை அடக்கும் ஸ்பிரே, சோப்பு என்று நிறைய விற்கிறார்களே, வாங்கலாமா?

நான் வாங்குவதில்லை. நம் உடம்பு வாசனையை மானிடம் மறைக்கவே முடியாது என்பதுதான் என் முடிவு. காற்று மானிடமிருந்து நம்மை நோக்கி அடிக்கிற பக்கமாகப் பார்த்து உட்கார வேண்டும். வெயில் ஏற ஏறக் காற்று மேலே எழும், மாலையில் குளிர்ந்து பள்ளத்தை நோக்கி இறங்கும். அதனால் மாலையில் ஓடைக்கு மேலே மேட்டில் உட்கார்ந்தால், கீழே இருக்கும் மானுக்கு நாமே கடிதம் போட்ட மாதிரி.

காற்றுப் பார்க்க நான் வைத்திருப்பது மில்க்வீட் பஞ்சு. நம் ஊர் எருக்கின் சொந்தக்காரச் செடி அது. காய் வெடித்தால் அதே வெள்ளைப் பஞ்சுதான் வரும். ஒரு இழையை விட்டால் முப்பது கஜம் வரை மிதந்துபோவதைக் கண்ணால் பார்க்கலாம். மாவுப் புட்டியில் பிதுக்கும் தூள் மூன்றடியில் மறைந்துவிடும். முதலில் இடது பக்கம் போய், மரத்தடியில் திரும்பி, பள்ளத்துக்குள் உறிஞ்சப்படும் ஒரு பஞ்சைப் பார்த்துவிட்டு, மரத்தில் கட்டி உட்காரும் பரணை வேறு மரத்துக்கு மாற்றிய நாட்கள் நிறைய உண்டு.

டல்லாஸிலிருந்து: பயிற்சியில் 50 கஜத்தில் நன்றாக அடிக்கிறேன். காட்டிலும் அந்தத் தூரம் சரிதானே?

வேண்டாம். நான் 25 கஜத்துக்கு மேல் விடுவதில்லை. காரணம் குறிபார்க்கும் திறமை இல்லை, மானின் காது. முனைகளில் சக்கரம் வைத்த சராசரி காம்பவுண்டு வில்லில் அம்பு நொடிக்கு 270 அடி போகும் என்று வையுங்கள். 30 கஜம் என்பது 90 அடி. அம்புக்கு நொடியில் மூன்றில் ஒரு பங்கு ஆகும். நாண் சத்தம் நொடிக்கு 1,100 அடி வேகத்தில் முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிடும். மானுக்குக் கால் நொடி கையில் இருக்கிறது. ஓடப் பாயும் முன் கால்களை மடக்கி உடம்பைத் தாழ்த்தும், அந்த நேரத்தில் அம்பு முதுகுக்கு மேலே போகும், இல்லையென்றால் முதுகில் மோசமாக ஏறும். 50 கஜத்தில் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போடலாம். பயிற்சிப் பலகைக்குக் காது கிடையாது. மான் தலை நிமிர்ந்து உங்கள் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தால் 20 கஜத்திலும் விடாதீர்கள்.

சான் அன்டோனியோவிலிருந்து: பன்றிக்கும் அதே வில், அதே குறிதானா?

வில் அதுவே போதும், குறி வேறு. மானைவிடப் பன்றிக்கு இதயமும் நுரையீரலும் இன்னும் கீழே, இன்னும் முன்னால் இருக்கும். முன்னங்காலின் நேர்மேலே, உடம்பின் கீழ் மூன்றில் ஒரு பங்கில். அப்புறம், வளர்ந்த ஆண்பன்றிக்குத் தோளில் கவசம் போலத் தடித்த தோல் உண்டு. என் இரண்டாவது பருவத்தில் பெரிய ஆண் ஒன்று 15 கஜத்தில் குறுக்கே நின்றது. நான் மானுக்குப் பார்க்கிற இடத்தில் பார்த்து விட்டேன். அம்பு இரண்டு விரல் ஆழம் ஏறி நின்றது. பன்றி உறுமிக்கொண்டு ஓடிய பாதையில் அம்பு மட்டும் முறிந்து கிடந்தது. அதிலிருந்து, பன்றி சற்றே அப்பால் திரும்பி முன்னங்காலை முன்னே வைக்கும் வரை பொறுத்திருக்கிறேன். அம்பும் கனமானது, 500 கிரெய்னுக்கு (சுமார் 32 கிராம்) குறையாமல். முனை விரிகிற வகை வேண்டாம், நிலையான அலகு.

தனியார் நிலத்தில், உரிமையாளர் சம்மதம் இருந்தால், 2019-இலிருந்து பன்றிக்கு லைசன்ஸே வேண்டாம், ஆண்டு முழுக்க வேட்டையாடலாம். அதைக் கேட்டுவிட்டுப் பொதுநிலத்துக்கு வராதீர்கள். இங்கே அந்தந்த இடத்தின் அட்டவணையில் இருக்கும் நாட்களில், அனுமதித்த ஆயுதத்தோடு மட்டும்தான்.

ஹூஸ்டனிலிருந்து: அம்பு பட்ட மானைத் தேடுவது எப்படி? இதுதான் எனக்குப் பெரிய பயம்.

இந்தப் பயம் உங்களுக்கு இருப்பது நல்லது. அம்பு விட்டதும் இறங்காதீர்கள். மான் கடைசியாகக் கண்ணில் பட்ட மரத்தை மனதில் குறித்துக்கொண்டு, அரை மணி நேரம் அசையாமல் உட்காருங்கள். பிறகு அம்பைத் தேடி எடுங்கள், என்ன நடந்தது என்று அம்புதான் சொல்லும். நுரைத்த இளஞ்சிவப்பு என்றால் நுரையீரல், மான் நூறு கஜத்துக்குள் கிடக்கும். கறுத்த சிவப்பு என்றால் ஈரல், நாலு மணி நேரம் பொறுங்கள். பசுமை கலந்த வழவழப்பும் நாற்றமும் இருந்தால் குடல். எட்டு மணி நேரமாவது காட்டைவிட்டு வெளியே வந்துவிட வேண்டும்.

மூன்றாம் பருவத்தில் ஒரு மாலை எனக்குக் குடல் அம்புதான் பட்டது. முகர்ந்து பார்த்தேன், தெரிந்தது. வெயில் காலம், இறைச்சி கெட்டுவிடுமே என்ற பதற்றத்தில் நாற்பது நிமிடத்தில் பின்னாலேயே போனேன். அறுபது கஜத்தில் அது படுத்திருந்த இடம் இருந்தது. சருகு அமுங்கி, தட்டளவு ரத்தம், இன்னும் சூடு. என் காலடி கேட்டு எழுந்து போயிருக்கிறது. அதற்கப்புறம் ஒரு சொட்டு இல்லை. இரண்டு நாள் தேடினேன். மூன்றாம் நாள் ஓடைக்கு அக்கரையில் கழுகுகள் வட்டமிட்டதைப் பார்த்துத்தான் இடம் தெரிந்தது. நான் பொறுத்திருந்தால் அந்த மான் படுத்த இடத்திலேயே அடங்கியிருக்கும். இப்போதும் அந்த ஓடையைத் தாண்டும்போது அது நினைவுக்கு வரும்.

தடம் பார்க்கும்போது ரத்தத்தின் மேல் நடக்காமல் பக்கவாட்டில் நடங்கள். கடைசிச் சொட்டு கிடக்கும் இடத்தில் ஒரு துண்டு டாய்லெட் பேப்பர் வையுங்கள், திரும்பிப் பார்த்தால் போன திசை கோடாகத் தெரியும். ஸ்வீட்கம் மரத்தின் இலைகளில் இலையுதிர்காலத்தில் செம்புள்ளி விழும், அச்சு அசல் ரத்தம் போலவே இருக்கும். எச்சில் விரலால் தேயுங்கள். விரலில் ஒட்டினால்தான் ரத்தம்.

ஃபிரிஸ்கோவிலிருந்து: 13 அங்குல விதி என்றால் என்ன?

பல கிழக்கு மாவட்டங்களில் ஆண் மானுக்குக் குறைந்தது ஒரு கொம்பாவது கிளைக்காமல் இருக்க வேண்டும், அல்லது இரு கொம்புகளுக்கு இடையே உள்அகலம் 13 அங்குலமாவது இருக்க வேண்டும். நிமிர்ந்து கேட்கும் மானின் இரு காது நுனிகளுக்கு இடையே ஏறக்குறைய அதே தூரம். இரண்டு கொம்பும் கிளைத்திருந்து, காதுக்கு வெளியே தெரியவில்லையா, விட்டுவிடுங்கள்.

ஒரு சகோதரியிடமிருந்து: என் கணவர் இந்த ஆண்டு மரப்பரண் வாங்கியிருக்கிறார். எனக்குத் தூக்கமே இல்லை.

அம்மா, உங்கள் கவலை சரியானது. பரணில் விழுகிறவர்கள் பெரும்பாலும் ஏறும்போதும் இறங்கும்போதும்தான் விழுகிறார்கள். உட்கார்ந்தபின் மாட்டும் பட்டை மட்டும் போதாது. காலைத் தரையிலிருந்து எடுக்கும் முன்பே முழு உடல் பட்டையை அணிந்து, மரத்தில் மேலிருந்து கீழ் வரை தொங்கும் காப்புக்கயிற்றில் மாட்டிக்கொண்டுதான் ஏற வேண்டும். வில்லைக் கையில் வைத்துக்கொண்டு ஏறக்கூடாது, ஏறியபின் கயிறு கட்டி இழுக்கட்டும். எந்த மரம் என்று வரைபடத்தில் குறித்து உங்களுக்கு அனுப்பிவிட்டுப் போகச் சொல்லுங்கள். துப்பாக்கிப் பருவமும் திறந்திருந்தால் 400 சதுர அங்குல ஆரஞ்சுத் துணியும் ஆரஞ்சுத் தொப்பியும் கட்டாயம்.

மதுரையிலிருந்து: எங்கள் நிலக்கடலையையும் பன்றி உழுதுபோடுகிறது. இங்கே வில் வைக்கலாமா?

கூடாது ஐயா. 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வனத்துறையிடம்தான் மனு கொடுக்க வேண்டும். டெக்சாஸில் இருப்பது வேறு கதை. 1539-இல் ஸ்பெயின் நாட்டுப் படைத்தலைவர் டி சோட்டோவின் கப்பலில் ஃபுளோரிடாவுக்கு வந்திறங்கிய வளர்ப்புப் பன்றிகளில் தொடங்கி, பின்னால் வேட்டைக்கென்று கொண்டுவந்த ஐரோப்பியக் காட்டுப்பன்றியும் கலந்து பெருகியவை இவை. இந்த மண்ணுக்குச் சொந்தமில்லை. அங்கே உங்கள் வயலில் நுழைவது அந்தக் காட்டிலேயே பிறந்த விலங்கு.

கேட்டியிலிருந்து இன்னொருவர்: பன்றிக்கறி நோய் தரும் என்கிறார்கள். எப்படிச் சமைப்பது?

நோய் உண்டு. புரூசெல்லா கிருமி ரத்தத்தில் இருக்கலாம், கையில் கீறல் வழியாகக்கூட ஏறும். அறுக்கும்போது முழங்கை வரை கையுறை போடுங்கள். கறி உள்ளே 160 டிகிரி ஃபாரன்ஹீட் எட்ட வேண்டும், நம் சமையலில் அது தானாகவே நடந்துவிடும். மானில் வெள்ளைக் கொழுப்பை ஒன்றுவிடாமல் சீவி எறியுங்கள், மெழுகு மாதிரி அண்ணத்தில் ஒட்டும். அக்டோபரில் 85, 90 டிகிரி அடிக்கும், வண்டியில் ஐஸ் பெட்டி இல்லாமல் கிளம்பாதீர்கள்.

நான் இளம் பெண்பன்றியின் தொடையைச் சின்னத் துண்டாக்கி, சின்ன வெங்காயம், இஞ்சி பூண்டு, மஞ்சள் போட்டுக் குக்கரில் ஐந்து விசில் விடுவேன். பிறகு இரும்புச் சட்டியில் நல்லெண்ணெய், கறிவேப்பிலை, இடித்த மிளகோடு தண்ணீர் வற்றும்வரை சுண்ட வைப்பேன். காட்டுப்பன்றியில் கொழுப்புக் குறைவு, அதனால் எண்ணெயை மட்டும் கொஞ்சம் தாராளமாக விடுங்கள்.