கோ பலகையை எழுத்தால வரையிறது எப்பிடி? கேள்வி பதில்

கோ எண்டது கோடுகள் வெட்டுற சந்திகளில கறுப்புக் கல்லும் வெள்ளைக் கல்லும் மாறி மாறி வச்சு ரெண்டு பேர் ஆடுற பலகை ஆட்டம். போன கிழமை "பலகையைப் போட்டோ எடுத்து அனுப்பாம டைப் பண்ணி வரைஞ்சு கேளுங்க" எண்டு சொன்னன், அதுக்கு இவ்வளவு கேள்வி வந்து கிடக்கு. கல்லடியில இருந்துகொண்டு ஒவ்வொண்டா எழுதுறன். ஒரே கேள்வியை ரெண்டு பேர் கேட்டிருந்தா மேல பாருங்க.

களுவாஞ்சிக்குடி தம்பி: அண்ணன், போட்டோ எடுத்துப் போட்டா லேசுதானே, ஏன் குறி குறியா அடிச்சு மினக்கெடுவான்?

தம்பி, போட்டோவில நான் கல்லு வைக்க ஏலாது. நீங்க டைப் பண்ணி அனுப்பினா அதை அப்பிடியே கொப்பி பண்ணி, ஒரு குறியை மட்டும் மாத்தி, "இங்க வச்சிருந்தா?" எண்டு திருப்பி அனுப்பலாம், மறுகா நீங்க இன்னொண்டு மாத்துவீங்க, அப்பிடியே பத்துத் தரம் போய் வரலாம். கோவைப் பத்திக் கதைக்கிறதே இதுதான். போட்டோவில விளக்கு வெளிச்சம் பட்டு வெள்ளைக் கல்லு எது, கோடு எது எண்டும் விளங்காது.

செங்கலடி தங்கச்சி: எந்தெந்தக் குறி பாவிக்கிறது? சின்னதா ஒரு உதாரணம் தாங்க அண்ணா.

வெளியில எல்லாரும் கறுப்புக்கு எக்ஸ், வெள்ளைக்கு ஓ, வெறும் சந்திக்குப் புள்ளி போடுவாங்க. தமிழ் கீபோர்டில இருந்து ஒவ்வொரு தரமும் இங்கிலீசுக்கு மாறுறது பெரிய கரைச்சல், அதால நான் இலக்கப் பக்கத்தில இருக்கிறதையே பாவிக்கிறன். கறுப்பு #, வெள்ளை 0, வெறும் சந்தி +, பலகையிட ஓரம் =. இதைப் பாருங்க:

```
++++++
+#0#++
++#+++
++++++
```

நடுவில நிக்கிற வெள்ளைக்கு மேல்பக்கம் ஒரே ஒரு மூச்சுத்தான் மிச்சம். (கல்லை ஒட்டியிருக்கிற வெறும் சந்தியை நான் மூச்சு எண்டுதான் சொல்லுவன், மூச்சு எல்லாம் அடைபட்டா அந்தக் கல்லைத் தூக்கிரலாம், சீனாக்காரரும் "சி" எண்டு மூச்சைத்தான் சொல்றாங்க.) கறுப்பிட முறை எண்டா அங்க வச்சு வெள்ளையைத் தூக்கிரும். வெள்ளையிட முறை எண்டா மேல ஒண்டு நீட்டி மூண்டு மூச்சோட தப்பிரும். இப்ப அதே கல்லுகளுக்கு மேல ஓரக்கோடு போட்டு, வெள்ளை முதல் எண்டு வச்சுப் பாருங்க:

```
======
+2134+
+#0#++
++#+++
++++++
```

வெள்ளை 1 நீட்டினாலும் அது ஓரம், ரெண்டு மூச்சுத்தான். கறுப்பு 2 மறிக்கும், வெள்ளை 3 ஓடும், கறுப்பு 4 வச்சா மூண்டு கல்லும் போச்சு. கல்லு ஒண்டும் மாறல்ல, மாறினது அந்தக் கோடு மட்டுந்தான். அதால கெஞ்சிக் கேக்கிறன், ஓரம் இருந்தா கோடு போடுங்க, ஆர் முறை எண்டும் எழுதுங்க. இந்த ரெண்டும் இல்லாத வரைபடத்துக்கு ஆராலயும் பதில் சொல்ல ஏலாது.

ஏறாவூர் தம்பி: நான் அனுப்பினா எல்லாம் கோணலா வருது. அடிக்கேக்க நேராத்தான் இருந்தது.

சாதாரண எழுத்துருவில ஒவ்வொரு குறியும் ஒவ்வொரு அகலம், அதான் நிரல் சரியுது. வட்ஸ்அப்பில படத்துக்கு முன்னுக்கும் பின்னுக்கும் மூண்டு தரம் ` அடிச்சா எல்லாக் குறியும் ஒரே அகலத்தில வரும். என்ட போனில அந்தக் குறி, குறிப் பக்கத்துக்கு அங்கால ரெண்டாவது பக்கத்தில ஒளிச்சுக் கிடக்கு.

புள்ளியாலயும் கவனம். சில போன் மூண்டு புள்ளியை அடிச்சவுடனே ஒரே குறியாச் சேர்த்துப் போடும், அந்த நிரையில ரெண்டு சந்தி காணாமப் போயிரும், நீங்க கவனிக்கவும் மாட்டீங்க. ரெண்டு சின்னக்கோட்டையும் சில போன் ஒரு நீட்டுக்கோடாக்கும், அதாலதான் ஓரத்துக்கு =. உடுக்குறி * வச்சுக் கல்லுக் காட்டுற ஆக்களும் இருக்காங்க, வட்ஸ்அப் அதைத் தடிச்ச எழுத்துக்கான குறி எண்டு எடுத்துக் கல்லையே மறைச்சிரும்.

அக்கரைப்பற்று காக்கா: தம்பி, 19க்கு 19 முழுப் பலகையும் அடிச்சன், போனில ஒவ்வொரு நிரையும் உடைஞ்சு கீழ விழுது.

காக்கா, குறிகளுக்கு நடுவில இடைவெளி விட்டிருப்பீங்க. 19 குறியும் 18 இடைவெளியும் சேர்ந்தா 37, சின்ன ஸ்கிரீனில கொள்ளாது. இடைவெளியை எடுங்க. ஒள்ளுப்பம் நெடுத்துத் தெரியும், பரவால்ல, ஜப்பான் பலகையே சதுரமில்ல, 45.5 செ.மீ. நீளம், 42.4 செ.மீ. அகலம். ஆனா முழுப் பலகை என்னத்துக்கு? சண்டை நடக்கிற மூலையை மட்டும் வெட்டி அனுப்புங்க. ஏணி (தப்பி ஓடுற கல்லைப் படிப்படியா மறிச்சுத் துரத்துறது) மாதிரி பலகைக்குக் குறுக்கால ஓடுற விசயம் எண்டா மட்டும் முழுசா வேணும்.

வாழைச்சேனை தம்பி: எனக்கும் கோணலா வருது அண்ணன்.

ஏறாவூர்த் தம்பிக்குச் சொன்னதை வாசிங்க.

ஆரையம்பதி டீச்சர்: தம்பி, சந்திகளுக்குப் பேர் சொல்ல ஏன் இங்கிலீசு எழுத்து? நம்மட எழுத்து இருக்கே?

டீச்சர், இதை வாசிச்சுப்போட்டுக் கொப்பியை எடுத்து எண்ணினன், ராவு நித்திரை வரல்ல. (நிரலுக்கு ஒரு எழுத்து, நிரைக்கு ஒரு இலக்கம், ரெண்டையும் சேர்த்தா அந்தச் சந்தியிட பேர்.) சின்னப் பலகைக்கு 9 நிரல், அ இலிருந்து ஐ வரைக்கும் சரியா 9 எழுத்து. அடுத்த பலகைக்கு 13, உயிர் 12, ஃ சேர்த்தா 13! நடுச்சந்தி சின்னதில உ5, மத்ததில எ7. பெரிய பலகைக்கு 19 வேணும், மெய் 18 இருக்கு, ஒண்டுதான் குறையுது. க ங ச எண்டு எண்ணிக்கொண்டு போனா பத்தாவது ம, அப்ப பெரிய பலகையிட மத்தி ம10. மத்திக்கு ம! புள்ளி போட்ட சந்திகள் 4, 10, 16இல வரும், அது ஞ, ம, ள.

சாய்ந்தமருது ராத்தா: அது சரி, ஆனா வெளிநாட்டு ஆக்களோட கதைக்கேக்க "ஞ4" எண்டா ஆருக்கு விளங்கும்? ரெண்டு முறை படிச்சுக் குழம்பிறதுக்கா?

ராத்தா சொல்றதும் நியாயம். வெளியில கதைக்க வெளி முறை வேணும், அதில இங்கிலீசு ஐ (I) எழுத்தை விட்டுத்தான் எண்ணுவாங்க. ஆனா எட்டு வயதுப் பிள்ளைக்குச் சொல்லிக் குடுக்கேக்க "உ5இல வை" எண்டா உடனே கை போகும், என்ட மருமகளோட பாத்திட்டன்.

திருக்கோவில் அண்ணன்: 19ஆவதுக்கும் ஃ போட்டா முடிஞ்சுதே?

ஃ மூண்டு புள்ளி, சின்ன ஸ்கிரீனில கல்லுக் குவிச்ச மாதிரித் தெரியும். 13இல பொறுக்கலாம். 19க்கு நான் ஜ சொல்லுவன்.

ஆரையம்பதி டீச்சர்: ஜ கிரந்த எழுத்து தம்பி. தமிழ் எண்டு தொடங்கி கடைசியில அதில போய் நிக்கிறதா?

டீச்சர், இதில நான் உங்களுக்கு விட்டுத் தாறன், ஃ எண்டே வைப்பம். வேற ஒரு கஷ்டத்தையும் சொல்லோணும். ஊ, ஐ, ஞ எல்லாம் அகலம் கூட, படத்துக்கு மேல தலைப்பா அடிச்சா நிரலோட ஒட்டாது. எ உம் ஏ உம் அவசரத்தில ஒண்டாத் தெரியும். அதால படத்துக்குள்ள இலக்கம் மட்டும், எழுத்தைக் கீழ வசனத்தில எழுதுவம். பெரிய பலகைக்கு ஜப்பான்காரர் மாதிரி நிரலுக்கும் நிரைக்கும் ரெண்டுக்கும் எண் சொன்னாலும் நல்லம்.

பொத்துவில் தம்பி: அல்பாகோ வச்ச அந்த 37ஆவது கல்லை எப்பிடிக் காட்டுறது? ஒரு சந்தியில 37 அடிச்சா நிரை தள்ளுப்படுது.

ஒரு சந்திக்கு ஒரு குறிதான். அது 2016 மார்ச் 10, சியோலில அல்பாகோ எண்ட கொம்பியூட்டர் புரோகிராமுக்கும் கொரிய ஆட்டக்காரர் லீ செடோலுக்கும் நடந்த ரெண்டாவது ஆட்டம். வலப்பக்கத்தை மட்டும் வரைஞ்சு, ஏற்கனவே கிடக்கிற கல்லுகளை # 0 ஆப் போட்டு, அந்தக் கல்லை 1 எண்டு வச்சு, கீழ "1 எண்டது 37ஆவது கல்லு, கறுப்பு" எண்டு எழுதுங்க. ஒன்பதுக்கு மேல போனா அடுத்த படம் தொடங்குங்க. அது அஞ்சாவது கோட்டில வச்ச கல்லு, அதால ஓரக்கோடு கட்டாயம் வேணும், இல்லாட்டி எத்தினையாவது கோடு எண்டு ஆருக்கும் தெரியாது.

சம்மாந்துறை தம்பி: கோ சண்டையில ஒரே இடத்தில திரும்பத் திரும்ப வைக்கிறமே, அதுக்கு?

கோ சண்டை எண்டது ஒரே ஒரு கல்லை ரெண்டு பேரும் மாறி மாறிப் பிடிக்கிறது. படத்தில முதல் வச்ச இலக்கம் நிக்கட்டும். கீழ "8, 2 இருந்த இடத்தில" எண்டு எழுதுங்க. அச்சடிச்ச ஆட்டக் குறிப்பிலயும் அப்பிடித்தான்.

காத்தான்குடி தம்பி: டாம் போர்டுக்கும் இப்பிடி வரையலாமா?

வரையலாம், ஆனா அது கட்டத்துக்குள்ள வைக்கிற ஆட்டம், எனக்கு அதிட முறை பழக்கமில்ல. டாம் ஆடுற ஆக்களிட்டக் கேளுங்க.

மண்டூர் தங்கச்சி: முழு ஆட்டத்தையும் அனுப்ப?

எஸ்ஜிஎஃப் (SGF) கோப்பு, முழு ஆட்டத்தையும் பதிஞ்சு வைக்கிற கோப்பு வகை அது. வரைபடம் ஒரு கேள்விக்குத்தான்.

வாகரை தம்பி: அண்ணன், கோணலா…

மூண்டு `. முன்னுக்கும் பின்னுக்கும். மேல விளக்கமா எழுதியிருக்கு, தயவுசெய்து வாசிங்க.

கல்முனை தங்கச்சி: நான் முதல்முதல் அடிச்சது. கறுப்பு உயிரோட இருக்கா, செத்திட்டா?

```
=======
0#+++#0
0#####0
0000000
```

நல்ல வடிவா வந்திருக்கு தங்கச்சி, நிரல் நேர், ஓரக்கோடும் இருக்கு. கறுப்பிட முறை எண்டா மேல் நிரையில நடுச்சந்தியில வைக்கட்டும், ரெண்டு பக்கமும் ஒவ்வொரு கண் (கறுப்பு சுத்தி வளைச்ச வெறும் சந்தி), ஆரும் கொல்ல ஏலாது. வெள்ளையிட முறை எண்டா அதே சந்தியில வெள்ளை வைக்கும், கறுப்பு ஏழு கல்லும் செத்ததுதான். ஆர் முறை எண்டு எழுதித் திரும்ப அனுப்புங்க.