ஆர்.ஓ. கழிவுநீரும் ஊருணி நீரும் சேர்ந்தால் மின்சாரம் வருமா?

கேள்வி: ஜப்பானின் ஃபுக்குவோக்காவில் உப்புநீரையும் நல்ல நீரையும் வைத்து மின்சாரம் எடுக்கிறார்களாம். எங்கள் ஊரில் ஆர்.ஓ. நிலையத்தின் கழிவுநீர் வீணாக ஓடுகிறது, பக்கத்திலேயே ஊருணி. ஒரு தெருவிளக்காவது எரியுமா? பள்ளிக் கண்காட்சிக்கு மாதிரி செய்யலாமா?
— ஓர் ஆசிரியை, தேவகோட்டை

பதில்: தெருவிளக்குக்கு வழியில்லை. ஃபுக்குவோக்காவில் 2025 ஆகஸ்டில் தொடங்கிய நிலையம், கடல்நீரைக் குடிநீராக்கிய பின் மிஞ்சும் செறிந்த உப்புநீரையும் சுத்திகரித்த கழிவுநீரையும் பயன்படுத்துகிறது. சாதாரணக் கடல்நீரிலேயே லிட்டருக்கு 35 கிராம் உப்பு உண்டு. நல்ல நீரோடு சேரும்போது அதன் சவ்வூடு அழுத்தம், அதாவது மெல்லிய சவ்வு வழியே நல்ல நீரை உப்புநீருக்குள் இழுக்கும் அழுத்தம், சுமார் 27 பார். 270 மீட்டர் உயரத்திலிருந்து நீர் விழுவதற்குச் சமம். உங்கள் ஆர்.ஓ. கழிவுநீரில் லிட்டருக்கு 3 கிராம் உப்பு என்று வைத்துக்கொண்டால் 2 பார்தான் தேறும். ஆயிரம் லிட்டர் ஊருணி நீருக்கு, கணக்குப்படியே அதிகபட்சம் 0.06 யூனிட், 9 வாட் பல்பு ஆறரை மணி நேரம் எரியும், அவ்வளவே. சேறு வடிகட்டவும் பம்ப் ஓட்டவும் அதைவிடக் கூடுதலாகச் செலவாகும். கலந்த நீரைக் குடிக்கவும் முடியாது. மழையை நம்பி நிரம்பும் ஊருணியை இதற்குத் தரவே கூடாது.

மாதிரி தாராளமாகச் செய்யலாம். இதில் நீரின் அழுத்தம் அல்ல, உப்பின் அயனிகள் (மின்னேற்றத் துகள்கள்) சவ்வைக் கடப்பதே மின்சாரம் தரும். நேர் அயனியை மட்டும் விடும் நேர் அயனிச் சவ்வு 6, எதிர் அயனியை மட்டும் விடும் எதிர் அயனிச் சவ்வு 5 வாங்குங்கள். அவற்றை முதல் நாள் இரவே உப்புநீரில் ஊறவையுங்கள், காய்ந்தால் விரிசல் விட்டுவிடும். இரு ஓரத்திலும் நேர் அயனிச் சவ்வு வரும்படி மாற்றி மாற்றி அடுக்குங்கள். ஒரே வகை இரண்டு அடுத்தடுத்து வந்தால் அங்கே மின்னழுத்தம் ஒன்றையொன்று அடித்துவிடும். இடையில் நடுவே வெட்டியெடுத்த அரை மில்லிமீட்டர் ரப்பர் ஷீட், அந்த இடைவெளியில் நைலான் கொசுவலைத் துண்டு. உள்ளே 10 அறைகள் கிடைக்கும்: ஒன்றில் லிட்டருக்கு 30 கிராம் உப்பு, அடுத்ததில் 1 கிராம். நல்ல தண்ணீர் அறையில் காய்ச்சி வடித்த நீர் ஊற்றினால் மின்தடை எகிறி, மின்னோட்டம் படுத்துவிடும். அந்த 1 கிராம் அதற்காகத்தான். பம்ப் வேண்டாம், சலைன் டியூபில் சொட்டு விட்டாலே போதும்.

இரு முனையிலும் செம்புத் தகடு, காப்பர் சல்பேட் கரைசல். ஸ்டீல் தகடு வைத்தால் வோல்ட் காட்டும், ஆனால் நீரைப் பிளக்க இந்த வோல்ட் போதாததால் மின்னோட்டம் வராது. மல்டிமீட்டரில் 0.7 வோல்ட்டுக்குப் பக்கம் வர வேண்டும். பாதிதான் வந்தால் கசிவைத் தேடுங்கள். சிவப்பு எல்.இ.டி. இதில் எரியாது, அதற்கு 1.8 வோல்ட் வேண்டும், 5 சவ்வு ஜோடிகளைக் குறைந்தது 15 ஆக்க வேண்டும்.

காப்பர் சல்பேட்டைக் கண்காட்சி முடிந்ததும் ஊருணியிலோ வாய்க்காலிலோ கொட்டாதீர்கள், மீனுக்கு நஞ்சு. பாட்டிலில் மூடிவைத்தால் அடுத்த ஆண்டுக்கும் ஆகும்.