நரைக்குக் கலர் அடித்தது தெரியாமல், முகத்துக்குப் பொருந்துகிற நிறத்தைப் பார்லரில் எப்படிக் கேட்பது?

கேள்வி கேட்ட அக்கா சொல்லியிருப்பது இதுதான்: வயது நாற்பதைத் தாண்டிவிட்டது, முன்நெற்றியிலும் காதோரத்திலும் நரை. கறுப்பு டை அடித்தால் முகம் கடுமையாகத் தெரிகிறது. பழுப்பு அடித்தால் வெயிலில் செம்பட்டையாக மினுங்குகிறது. ஆவணியில் மகளுக்குக் கலியாணம். யாழ்ப்பாணத்துப் பார்லர் ஒன்றில் என்ன நிறம் என்று கேட்பது?

நான் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிப் பக்கம் தலைக்குக் கலர் அடிக்கிற வேலைதான் செய்கிறேன். அதனால் முதலில் நேரடியான பதில்: கலர் ரியூபில் 3.0 அல்லது 4.0 என்று போட்டிருக்கும் பழுப்பு நிறத்தைக் கேளுங்கள். மைக்கறுப்பான 1.0 வேண்டாம். பொன், செம்பு, சிவப்பு கலந்த எதுவும் வேண்டாம். வேர் நரையை மட்டும் மூடச் சொல்லுங்கள். பழைய டை இருக்கும் நுனிகளுக்கு ஒவ்வொரு முறையும் பூச விடாதீர்கள். எங்கள் ஊரில் பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு இது பொருந்தும். ஏன் என்று தெரிந்தால் பார்லரில் நீங்களே பேசி முடிவெடுக்கலாம், அதனால் கொஞ்சம் விரித்தே எழுதுகிறேன்.

தொழிலில் மயிரின் கருமையை 1 முதல் 10 வரை எண்ணால் சொல்வோம். 1 மைக்கறுப்பு, 10 மிக வெளிறிய பொன். நாங்கள் கறுப்பு என்று சொல்லும் தலைமயிர் பெரும்பாலும் 2, சிலருக்கு 3. பிடரியில் ஒரு சிறு கற்றையைப் பிரித்து வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அங்கே நரை பெரும்பாலும் கடைசியாகத்தான் வரும், வெயிலும் படாது, ஆகவே உங்களுடைய உண்மையான நிறம் அங்கேதான் இருக்கிறது. அடியில் கருமை, நடுவில் கரும்பழுப்பு, நுனியில் இன்னும் கொஞ்சம் வெளிறல் என்று ஒரே கற்றைக்குள் நிறம் மாறுவதைக் காண்பீர்கள். நெற்றியோர மயிர் அதைவிட மென்மையாக இருக்கும். இந்த ஏற்ற இறக்கம் இருப்பதால்தான் இயற்கையான தலை இயற்கையாகத் தெரிகிறது. 1.0 பூசினால் வேரிலிருந்து நுனிவரை எல்லாம் ஒரே கருமையாகிவிடும். நெற்றி எல்லை கோடு கீறினதுபோல் நிற்கும், கண்ணுக்குக் கீழிருக்கும் கருமையும் கூடத் தெரியும். போதாததற்கு, மயிர் மாதத்துக்கு ஏறக்குறைய 1 சென்ரிமீற்றர் வளர்கிறது. மைக்கறுப்புக்குப் பக்கத்தில் வளரும் வெள்ளை இரண்டு கிழமையிலேயே வகிட்டில் பளிச்சென்று தெரியும். 4-க்குப் பக்கத்தில் அதே வெள்ளை அவ்வளவு எடுபடாது.

வருகிற அன்ரிமார் கதிரையில் இருந்ததுமே சொல்வது, "பிள்ளை, வெள்ளை ஒண்டும் தெரியக் கூடாது, நல்ல கறுப்பாய் அடிச்சு விடும்." நான் உடனே மறுப்பதில்லை. "அன்ரி, ஒருக்கா வாசலடிக்கு வாங்கோ" என்று கூட்டிக்கொண்டு போய், கையில் கண்ணாடியைக் கொடுத்து, 1-க்கும் 3-க்கும் உரிய மாதிரிக் கற்றைகளைப் புருவத்துக்குப் பக்கத்தில் பிடித்துக் காட்டுவேன். புருவத்தோடு எது ஒத்துப்போகிறதோ அது முகத்தோடும் ஒத்துப்போகும். உள்ளே ரியூப் லைட்டில் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. நீங்கள் போகும் பார்லரிலும் வெளிச்சத்துக்கு வந்து பார்க்கிறேன் என்று சொல்லுங்கள். அதற்கு நேரமில்லை என்றால் வேறு இடம் பார்ப்பதே நல்லது.

இனி அந்தச் செம்பட்டை. கறுப்பு மயிருக்குள் சிவப்பும் செம்மஞ்சளும் ஒளிந்திருக்கின்றன. கலரோடு கலக்கும் டெவலப்பரில் ஹைட்ரஜன் பெரொக்சைட் இருக்கிறது. அது உங்கள் சொந்த நிறத்தைக் கொஞ்சம் இளக்கும்போது அடியில் இருக்கும் சிவப்பு வெளியே வரும். கடும்பழுப்பில் சிவப்பு, அதற்கு மேலே போனால் செம்மஞ்சள். 9% டெவலப்பர் போட்டு 5 அல்லது 6-க்கு ஏற்றினால் பார்லருக்குள் அழகான பழுப்பு, கோயில் வீதி வெயிலில் செம்பு. நரைக்கோ இளக்குவதற்கு உள்ளே ஒன்றுமில்லை. அது பூசிய நிறத்தை அப்படியே காட்டும். ஒரே கலர் ஒரே தலையில் இரண்டு விதமாகத் தெரிவது இதனால்தான். நரையை மூட 6% போதும். அதோடு புள்ளிக்குப் பின்னால் வரும் எண்ணைக் கவனியுங்கள். பெரும்பாலான நிறுவனங்களின் ரியூபில் 0 என்றால் நடுநிலை, 1 சாம்பல், 3 பொன், 4 செம்பு. எல்லா நிறுவனமும் ஒரே முறையைப் பின்பற்றுவதில்லை, எனவே நிற அட்டையில் பார்த்து உறுதிசெய்யச் சொல்லுங்கள். செம்பட்டைக்குப் பயந்து முழுவதும் சாம்பல் கேட்காதீர்கள். எங்கள் தோலுக்குப் பக்கத்தில் அது மங்கலாக, சில வேளை பச்சை கலந்ததாகத் தெரியும். 4.0-வுக்குள் சாம்பல் கொஞ்சம் கலந்தால் சிவப்பு அடங்கும். நரை பாதிக்கு மேல் இருந்தால் கலவையில் பாதியாவது நடுநிலை நிறமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வெள்ளை முழுதாக மூடாது.

ஆடி ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்குச் சொந்தக்காரர் வந்திறங்கும் காலத்தில், ரொரன்ரோவில் இருக்கும் மச்சாளின் படத்தைப் போனில் காட்டி இதே நிறம் வேண்டும் என்று கேட்பவர்கள் அதிகம். ஆசை நியாயமானது. ஆனால் அது பிளீச் பண்ணி, நிறச்சாயலைத் திருத்தும் ரோனர் போட்டு, பல மாதமாகப் பராமரித்த தலை. பல வருடம் கறுப்பு டை ஏறிய தலையில் ஒரே இருப்பில் அது வராது. பூசிய நிறத்தை இன்னொரு நிறத்தால் இளக்க முடியாது என்பது இந்தத் தொழிலின் அடிப்படை. கறுப்பின் மேல் பழுப்பு பூசினால் வேர் மட்டும் பழுப்பாகும், மிச்சம் கறுப்பாகவே இருக்கும். கழற்றித்தான் ஆக வேண்டும், அதற்கு மயிர் ஒரு விலை கொடுக்கும். ஆகவே கதிரையில் இருந்ததும் கடந்த இரண்டு மூன்று வருடத்தில் தலைக்குப் பூசிய எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள்: பக்கற் டை, கடையில் வாங்கிய ஹெனாப் பொடி, வீட்டில் அரைத்த மருதோன்றி, எல்லாம். வெறும் மருதோன்றி இலை நரையைச் செம்மஞ்சளாக்கும், வேறு தீங்கு செய்யாது. உலோக உப்புக் கலந்த சில பொடிகளோ பெரொக்சைட்டோடு சேர்ந்தால் சூடேறி மயிரையே அறுத்துவிடும். சந்தேகம் இருந்தால் முதலில் ஒரு கற்றையில் மட்டும் போட்டுப் பார்ப்போம்.

நரை கால்பங்குக்குக் குறைவாக இருந்தால் எனக்குப் பிடித்த வழி வேறு. டெமி பெர்மனன்ற் என்கிற வகை நரையை முழுதாக மூடாது, சாயம் பிடித்த கண்ணாடி மாதிரி வெள்ளையை மென்பழுப்பாக்கிவிடும். அங்கங்கே மெல்லிய வெளிர் இழைகளாகத் தெரிவதால் வேண்டுமென்று செய்ததுபோலவே இருக்கும். கழுவக் கழுவ மெல்ல மங்கும், வேரில் கோடு விழாது. கலியாண வீட்டுக்கு மட்டும் என்று வருகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். ஆசைப்பட்டு மாதாமாதம் பூசிப் பிறகு களைத்துப்போகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கும்.

தண்ணீரையும் சொல்ல வேண்டும். எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் இருந்து ஊறுவது. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவது தலையிலும் படியும். மேலே அந்தப் படை இருந்தால் கலர் சீராகப் பிடிக்காது, பிடித்த கலரும் மங்கித் தெரியும். கலர் அடிக்க முன்னர் சுண்ணாம்பைக் கழற்றும் கீலேட்டிங் ஷாம்பூ ஒருமுறை போடச் சொல்லுங்கள். பிறகு வீட்டில் முழுகும்போது கடைசி அலசலுக்கு மட்டும் சுண்ணாம்பு நீக்கிய தண்ணீர் ஒரு வாளி வைத்துக்கொண்டால் நிறம் கூட நாள் நிற்கும். சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் வெயிலும் சேர்ந்து மயிரைக் காயவைக்கும், குடை பிடியுங்கள். கலர் அடிக்கும் நாளுக்கு முதல்நாளே முழுகிவிடுங்கள். அன்று காலையில் எண்ணெயும் வேண்டாம், உச்சந்தலையை உரசிக் கழுவவும் வேண்டாம். தோலில் இயல்பாக ஊறும் எண்ணெய் எரிச்சலைக் குறைக்கும்.

ஒவ்வாமைச் சோதனையை மட்டும் எக்காரணம் கொண்டும் விடாதீர்கள். கருநிறக் கலர்களில் பலவற்றில் பீபீடி என்று சுருக்கிச் சொல்லும் பாராபினைலீன்டயமின் இருக்கிறது. 2006-இல் அமெரிக்கத் தொடுகை ஒவ்வாமை மருத்துவர் சங்கம் அதையே அந்த ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தது. அமோனியா இல்லாதது என்று எழுதியிருந்தாலும் இது இருக்கலாம். கறுப்பு ஹெனா என்று விற்கும் பொடிகள் பலவற்றிலும் இருக்கிறது. முன்பு எப்போதாவது கையில் கறுப்பு மெஹந்தி போட்டுக் கொப்புளம் வந்திருந்தால் கட்டாயம் சொல்லுங்கள், உங்களுக்கு இந்தக் கலர் ஆகாமல் போகலாம். பல வருடம் ஒன்றும் செய்யாமல் இருந்த டை திடீரென்று ஒரு நாள் ஒத்துக்கொள்ளாமல் போவதும் உண்டு. 48 மணித்தியாலத்துக்கு முன்னர் காதுக்குப் பின்னால் அல்லது முழங்கையின் உள்மடிப்பில் துளி பூசிப் பார்ப்பது இதற்காகத்தான். சிவந்து கடித்தால் அந்தக் கலர் வேண்டாம், தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். முகமோ கண்ணோ வீங்கினால், மூச்சு முட்டினால், உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

கலியாணத்துக்கு முதல்நாள் வராமல், ஒரு மாதம் முன்பே ஒருமுறை அடித்துப் பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் திருத்த நேரம் இருக்கும். பிடித்திருந்தால் எந்த எண், எத்தனை வீத டெவலப்பர், எத்தனை நிமிடம் என்று பார்லரில் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பிறகு எந்தப் பார்லருக்குப் போனாலும் அது உதவும். கலியாணத்துக்கு ஒரு கிழமைக்கு முன்னர் வேரை மட்டும் மறுபடி தொட்டால் போதும். தோலில் பட்ட கறையும் அதற்குள் போய்விடும்.