இரவில் குடித்தான், காலையில் மோதினான்: இன்சூரன்ஸ் பணம் தருமா?

கேள்வி: என் மகனுக்கு 22 வயது. சென்னையில் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. நண்பனின் திருமண வரவேற்புக்கு விழுப்புரம் போனவன், அன்று நள்ளிரவு வரை நண்பர்களோடு குடித்திருக்கிறான். ஐந்து மணி நேரம் தூங்கி எழுந்து, வேலைக்கு நேரமாகிறது என்று காலை ஆறு மணிக்குப் பைக்கில் கிளம்பியிருக்கிறான். திண்டிவனத்துக்கு முன்பு, நான்கு வழிச்சாலையைக் கடந்துகொண்டிருந்த பால்காரர் ஒருவரின் மொபெட் மீது மோதிவிட்டான். அவருக்கு வலது காலில் எலும்பு முறிவு. கருவியில் ஊதச் சொன்னபோது 68 என்று காட்டியதாம். ரத்தமும் எடுத்திருக்கிறார்கள். பைக் என் பெயரில் இருக்கிறது. இன்சூரன்ஸ் நடப்பில் உள்ளது. இரவு குடித்ததற்குக் காலையில் வழக்குப் போட முடியுமா? இன்சூரன்ஸ் பணம் தருமா? தெரிந்தவர் ஒருவர் 60,000 ரூபாய் கொடுத்தால் ரத்த அறிக்கையைச் சரிசெய்து, வண்டியை நான் ஓட்டியதாக மாற்றிவிடலாம் என்கிறார். செய்யலாமா? — ஒரு தந்தை, கடலூர் மாவட்டம்.

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். செய்யாதீர்கள். அந்த மனிதரின் தொலைபேசியை இனி எடுக்கவே வேண்டாம். ஏன் என்பதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

இரவு குடித்தால் காலையில் வழக்கா என்று கேட்கிறீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-வது பிரிவு எப்போது குடித்தாய் என்று கேட்பதில்லை. வண்டி ஓட்டும்போதோ, ஓட்ட முயலும்போதோ 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்ததா என்பது மட்டுமே அதற்குக் கணக்கு. உங்கள் மகனுக்கு 68 இருந்திருக்கிறது. வரம்பைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்.

தூங்கி எழுந்தால் தெளிந்துவிடும் என்பது இந்த வயதுப் பிள்ளைகள் அத்தனை பேரும் நம்புகிற பொய். டாஸ்மாக் கடையில் விற்கும் 180 மில்லி பாட்டிலில் ஏறத்தாழ 60 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கிறது. 70 கிலோ எடையுள்ள ஆண் ஒருவர் அதை முழுவதும் குடித்தால் ரத்தத்தில் 120 மில்லிகிராம் வரை ஏறலாம். கல்லீரல் அதை மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் வீதம்தான் கரைக்கும். 120-லிருந்து சட்டத்தின் 30-க்கு இறங்கவே ஆறு மணி நேரம் வேண்டும். முழுவதும் இறங்க எட்டு மணி நேரம். எலுமிச்சைச் சாறு, மோர், குளியல், கறுப்புக் காப்பி எதுவும் அந்த வேகத்தைக் கூட்டாது. தூங்கினாலும் விழித்திருந்தாலும் கணக்கு ஒன்றுதான். ஐந்து மணி நேரம் தூங்கிய பிறகும் 68 இருந்தது என்றால், உங்கள் மகன் ஒரு குவார்ட்டரோடு நிறுத்தவில்லை என்று பொருள். அவன் உங்களிடம் எவ்வளவு சொன்னானோ தெரியாது. கருவி சொல்வதை வைத்துப் பேசுங்கள்.

பையன் தடுமாறவில்லை, நிதானமாகத்தான் இருந்தான் என்பீர்கள். நடையில் தடுமாற்றம் தெரியாமல் இருக்கலாம், கை பிரேக்குக்குப் போவது தாமதப்படும். மணிக்கு 80 கிலோமீட்டரில் போகும் பைக் ஒரு நொடியில் 22 மீட்டர் கடந்துவிடும். அரை நொடி தாமதித்தாலே 11 மீட்டர் கூடுதலாக ஓடும். சாலையைக் கடந்துகொண்டிருந்த மொபெட்டுக்கு அந்த 11 மீட்டர்தான் உயிர். மேலும், 40-இல் மோதுவதை விட 80-இல் மோதுவதன் தாக்கம் இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு. எங்கள் பக்கத்து முதல் தகவல் அறிக்கைகளில் 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்' என்று அச்சடித்தது போல ஒரே வாசகம் வரும். 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் நூற்றுக்கு 71 பேரின் சாவுக்கு அரசுக் கணக்கு அதிவேகத்தையே காரணமாகச் சொல்கிறது. மது என்ற காரணத்தின் கீழ் வருவது மிகச் சிறிய பங்கு. பல விபத்துகளில் யாரும் ரத்தமே எடுப்பதில்லை என்பதை, விபத்து வழக்குகளைக் கையாளும் இந்தத் தொழிலில் 27 ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். உங்கள் மகன் விஷயத்தில் அந்த அதிகாரி தன் கடமையைச் செய்திருக்கிறார். அவர் மீது கோபப்படாதீர்கள்.

இனி இன்சூரன்ஸ். இரண்டு பணத்தைப் பிரித்துப் பாருங்கள். உங்கள் பைக்கின் பழுதுக்கும், மகனின் காயத்துக்கும் ஒரு ரூபாய் வராது. குடித்து ஓட்டினால் அந்தப் பாதுகாப்பு இல்லை என்று பாலிசியிலேயே எழுதியிருக்கிறது. ஊதிப் பார்த்த எண்ணோ ரத்த அறிக்கையோ இல்லாவிட்டாலும் கூட, மற்றச் சான்றுகளால் மது நிரூபணமானால் நிறுவனம் மறுக்கலாம் என்று 2021-இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. டில்லியில் ஒரு விலையுயர்ந்த கார் விபத்தைப் பற்றிய வழக்கு அது. ஆகவே ரத்த அறிக்கையை மாற்றினால் இன்சூரன்ஸ் கிடைத்துவிடும் என்று, 60,000 ரூபாய் கேட்கும் அந்தத் தரகர் சொல்வது முதல் பொய்.

பால்காரருக்குச் சேரவேண்டிய இழப்பீடு வேறு. அதை நிறுவனம் பெரும்பாலும் கொடுத்துவிடும். பிறகு உங்களிடமிருந்து வசூலிக்கும். முதலில் செலுத்து, பின்னர் வசூல் செய் என்று, விபத்து இழப்பீட்டைத் தீர்மானிக்கும் தீர்ப்பாயம் எழுதிவிடும். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, மது அருந்தி ஓட்டியது நிறுவனம் தற்காப்பாகச் சொல்லக்கூடிய காரணமாகச் சட்டத்திலேயே சேர்ந்துவிட்டது. வசூலிக்க அவர்கள் புதிதாக வழக்குப் போடவும் தேவையில்லை. அதே தீர்ப்பாயத்தில், தீர்ப்பை நிறைவேற்றித் தரக் கோரும் நிறைவேற்று மனு போட்டால் போதும். வண்டி உங்கள் பெயரில் இருப்பதால் மனு உங்கள் மீது வரும். உங்கள் மாதச் சம்பளத்தையும், பெயரில் உள்ள நிலத்தையும் நினைத்துக்கொண்டு இந்தப் பத்தியை இன்னொரு முறை படியுங்கள்.

வண்டியை மகன் கேட்காமல் எடுத்துப்போனான், திருட்டு மாதிரிதான் என்று சொல்லச் சொல்லும் ஆட்களும் உண்டு. இதை நீட்டிச் சொல்கிறேன், ஏனென்றால் ஆண்டுக்கு நான்கு குடும்பங்களாவது இந்த யோசனையோடு என் அலுவலகத்துக்கு வருகின்றன. உண்மையாகவே வண்டி திருடுபோய், விபத்துக்கு முன்பே நீங்கள் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, அதற்கு ரசீதும் இருந்தால், உரிமையாளர் பொறுப்பிலிருந்து விடுபட வழி இருக்கிறது. புகார் தேதி விபத்துக்குப் பிந்தியதாக இருந்தால் வழி இல்லை. ஒரே வீட்டில் இருக்கும் மகன் ஆணியில் தொங்கும் சாவியை எடுப்பது திருட்டு ஆகாது. எட்டு மாதமாக அவன் அதே பைக்கில் சென்னையில் வேலைக்குப் போய்வந்திருக்கிறான். அவன் கைப்பேசியிலிருந்து அதே வண்டிக்குப் பெட்ரோல் பணம் போயிருக்கிறது. நீங்கள் திருட்டு என்று சொன்னால், உங்கள் மகனைத் திருடன் என்று நீங்களே எழுதிக்கொடுத்தது மட்டும்தான் மிஞ்சும். தொழிலாளி, ஓட்டுநர், பக்கத்து வீட்டுக்காரர் எடுத்துப்போனால் வேறு வாதங்கள் எழலாம். மகனுக்கு அவை பொருந்தா.

இப்போது அந்தத் தரகருக்கு வருகிறேன். விபத்து நடந்த மறுநாளே இவர்கள் வந்துவிடுவார்கள். அரசு மருத்துவமனையின் எலும்பு முறிவு வார்டு வாசலில் ஒருவர் நிற்பார். காவல் நிலையத்தின் எதிரே தேநீர்க் கடையில் இன்னொருவர் இருப்பார். ஒரே ஆள் இரண்டு பக்கமும் பணம் வாங்கியதை நான் கண்டிருக்கிறேன். அடிபட்டவரிடம் இழப்பீட்டில் பாதி தனக்கு என்று வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்குவார். இடித்தவரிடம் ஆளை மாற்றித் தருவதாகப் பேசுவார். இவர்களை விரட்ட ஒரு காவலர் போதும். இத்தனை ஆண்டுகளில் விரட்டியதாக நான் பார்க்கவில்லை.

ஆளை மாற்றுவது ஏன் எடுபடாது என்று சொல்கிறேன். விபத்து நடந்த அன்றே மருத்துவமனையில் விபத்துப் பதிவேடு எழுதப்பட்டிருக்கும், ஏ.ஆர். காப்பி என்பார்கள். யார் ஓட்டியது, யார் கொண்டுவந்தது, வாயில் மது வாசனை இருந்ததா என்பதை மருத்துவர் அதில் குறித்திருப்பார். இன்சூரன்ஸ் நிறுவனத்தின் விசாரணையாளர் முதலில் வாங்குவது அந்தத் தாளைத்தான். ஊதும் கருவியில் நேரமும், ஊதியவர் பெயரும், கருவியின் எண்ணும் பதிந்திருக்கும். சுங்கச்சாவடிக் கேமரா இருக்கிறது. கைப்பேசி எந்தக் கோபுரத்தில் இருந்தது என்ற விவரம் இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தந்தை, உங்களைப் போலவே நல்ல மனிதர், மகனுக்காகத் தான் ஓட்டியதாக வாக்குமூலம் கொடுத்தார். அவர் ஓர் ஆலையில் வேலை பார்த்தவர். விபத்து நடந்த நேரத்தில் அவர் இரவுப் பணியில் இருந்ததை ஆலையின் வருகைப் பதிவேடு காட்டிக்கொடுத்துவிட்டது. நிறுவனத்தின் வழக்கறிஞர் அதைத் தீர்ப்பாயத்தில் தாக்கல் செய்த அன்று அவர் கூண்டில் நின்ற நிலையை நான் மறக்கவில்லை. மகனைக் காக்கப் போனவர், தடயத்தை மறைத்தல், பொய்த் தகவல் கொடுத்தல் என்ற குற்றங்களுக்குத் தானும் குற்றம் சாட்டப்பட்டவரானார். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், தடயத்தை மறைப்பதைக் குற்றமாக்கும் 238-வது பிரிவைத் தரகர் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார். 2024 மே மாதம் புனேயில் ஒரு சிறுவன் ஓட்டிய கார் இருவரைக் கொன்றது. அந்த வழக்கில் ரத்த மாதிரியை மாற்றியதாகக் குற்றம் சாட்டப்பட்டு, மருத்துவர்களும் பெற்றோரும் கைதானார்கள். அங்கே பணத்துக்குக் குறைவில்லை. அப்படியும் மறைக்க முடியவில்லை.

மகனுக்கு என்ன ஆகும் என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 185-வது பிரிவில் முதல் குற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். இது சாலையில் நின்றபடி பணம் கட்டி முடிக்கும் குற்றம் அல்ல, நீதிமன்றத்துக்குத்தான் போகவேண்டும். இரண்டாவது முறை பிடிபட்டால் சிறை இரண்டு ஆண்டு வரை போகும். காயம் ஏற்படுத்தியதற்குத் தனி வழக்கு. பால்காரர் இறந்திருந்தால், ஐந்து ஆண்டு வரை சிறை தரும் கவனக்குறைவு மரணப் பிரிவோடு நிற்கும் என்று உறுதி சொல்ல முடியாது. 2006-இல் மும்பையில் நடைபாதையில் தூங்கிய ஏழு பேர் மீது குடித்து ஓட்டிய காரை ஏற்றிய இளைஞனின் வழக்கில், கொலையாகாத மரணம் விளைவித்தல் என்ற பெரிய பிரிவையே உச்ச நீதிமன்றம் 2012-இல் உறுதிசெய்தது. உங்கள் மகனுக்கும் அந்த நிலைக்கும் இடையே இருந்தது ஒரு காலின் அகலம்.

ஓட்டுநர் உரிமம் குறைந்தது மூன்று மாதம் நிறுத்திவைக்கப்படும். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டு நோட்டீஸ் வரும். மகன் நேரில் போய்ப் பதில் கொடுக்கட்டும். அந்த அலுவலக வாசலிலும் ஒருவர், உரிமம் தொலைந்துவிட்டதாக எழுதி நகல் வாங்கித் தருகிறேன் என்பார். உரிமம் நிறுத்தப்பட்ட விவரம் கணினியில் ஏறியிருக்கும். அந்தக் காலத்தில் ஓட்டி மறுபடி மோதினால், உரிமம் இல்லாமல் ஓட்டிய வழக்காக அது மாறிவிடும். வேலையில் காவல்துறைச் சரிபார்ப்பு வந்தால் வழக்கு இருப்பதை மறைக்காமல் எழுதவேண்டும். வழக்கு நிலுவையில் இருக்கையில் பாஸ்போர்ட்டுக்கு நீதிமன்ற அனுமதி தேவைப்படும்.

ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நெடுஞ்சாலை ஓரத்தில் 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கு அது. அடுத்த ஆண்டு ஜூலைக்குள், நகராட்சி எல்லைக்குள் இது பொருந்தாது என்று விளக்கம் வந்து, ஆணை பாதியாகிவிட்டது. சாலை ஊருக்குள் நுழைந்தால் மது பிரேக் பிடிக்க உதவுமா? ஊதும் கருவியோடு காவலர்கள் நிற்பது இரவு பதினொரு மணிக்கு நகரத்துச் சந்திப்பில். முகூர்த்த நாளின் மறுநாள் காலை ஆறு மணிக்கு, கல்யாண மண்டபங்கள் வரிசையாக இருக்கும் சாலையில் யாராவது நின்றால் எத்தனை பையன்கள் பிடிபடுவார்கள், எத்தனை பேர் பிழைப்பார்கள்! மனு எழுதி எழுதி எனக்குக் கை வலிக்கிறது.

உங்கள் கடிதத்தில் பால்காரரைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம்தான் இருந்தது. அவர் இப்போது எங்கே படுத்திருக்கிறார், மாட்டை யார் கறக்கிறார்கள் என்று தெரியுமா? முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசின் திட்டம் பார்த்துக்கொண்டிருக்கும். அதற்குப் பிறகான செலவு? போய்ப் பாருங்கள். மகனை அழைத்துக்கொண்டு போங்கள். பேரம் பேசுவதற்காகப் போகாதீர்கள். முத்திரைத்தாளில் எழுதி வாங்கி முடித்துவிடலாம் என்று ஊர்ப் பெரியவர் யாராவது சொல்வார். அந்தத் தாள் தீர்ப்பாயத்தையோ இன்சூரன்ஸ் நிறுவனத்தையோ கட்டுப்படுத்தாது. கொடுத்த பணமும் கணக்கில் வராமல் போகலாம். மருத்துவச் செலவுக்குக் கொடுப்பதென்றால் வங்கிவழியாகக் கொடுங்கள்.

நாளைக் காலையில் செய்யவேண்டியது இதுதான். பாலிசி நகலோடு நிறுவனத்துக்கு, நடந்ததை நடந்தபடி எழுத்தில் தெரிவியுங்கள். ஓட்டியது மகன் என்றே எழுதுங்கள். பால்காரர் மனு போட்டதும், சமரசம் பேசி முடிக்கும் மக்கள் நீதிமன்றமான லோக் அதாலத்தில் மூன்று தரப்பும் உட்கார்ந்து ஒரே தொகையாகப் பேசி முடிக்க, உங்கள் வழக்கறிஞரை முயலச் சொல்லுங்கள். வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தால் வட்டியும் ஏறும். அதுவும் உங்களிடம்தான் வந்து நிற்கும். விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் இழப்பீட்டு மனு போடவேண்டும் என்கிறது சட்டம். பால்காரருக்கு இது தெரியுமா என்று கேளுங்கள். தெரியாவிட்டால் நீங்களே சொல்லிவிட்டு வாருங்கள்.